எக்செல் + அக்சஸ் சேர்த்து ஓட்டும்போது: சரக்குக் கோடில் (குறியீட்டு எண்ணில்) பூஜ்யம் காணோம், டேட்டாபேஸ் பூட்டிக்கொள்கிறது

கணக்குப்பலகை கேட்டது:

வணக்கம். அலுவலகத்தில் ஆறு கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ், எம்எஸ் ஆபீஸ். வாடிக்கையாளர் பட்டியல், சரக்கு, ரசீது மூன்றும் எக்செல் ஷீட்டுகளாக இருந்தன. இப்போது ஒரே அக்சஸ் (ஆபீஸின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஃபைலாக்கி, நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். ஆறு பேரும் அதே ஃபைலைத் திறந்து வேலை செய்கிறார்கள். அறிக்கைகள் மட்டும் எக்செல்லிலேயே வேண்டும் என்கிறார்கள். விலைப்பட்டியலும் மாதாமாதம் வெளியிலிருந்து எக்செல் ஃபைலாகத்தான் வருகிறது. சிக்கல்கள் இவை:

1. சரக்கு கோடு 00417 என்பது அக்சஸுக்குள் 417 ஆகிவிடுகிறது. எழுத்து கலந்த கோடுகள் (உதாரணம்: 417ஏ) வெறும் காலியாக வருகின்றன.

2. யாராவது எக்செல் அறிக்கையைத் திறந்திருந்தால் மற்றவர்களால் அக்சஸில் புதிதாக எதுவும் சேர்க்க முடிவதில்லை. ரீட் ஒன்லி என்கிறது.

3. ஒரு கணினியில் மட்டும் ஓடிபிசி (மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் பொது முறை) இணைப்பு ஏறவே மாட்டேன் என்கிறது. டிரைவருக்கும் அப்ளிகேஷனுக்கும் ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச் என்று செய்தி.

4. விலைப்பட்டியல் ஷீட்டை அக்சஸில் லிங்க் செய்து பார்த்தோம். தெரிகிறது, ஆனால் அங்கிருந்து ஒரு விலையைக்கூடத் திருத்த முடியவில்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னாலும் போதும்.

---

முதன்மைச்சாவி:

நான்காவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது பிழையே இல்லை. லிங்க் செய்த எக்செல் ஷீட்டை அக்சஸிலிருந்து திருத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் ஒரு காப்புரிமை வழக்கில் தோற்ற பிறகு எடுத்துவிட்டது. அக்சஸ் 2003-க்கு வந்த அப்டேட்டோடு அது போயிற்று, பிந்தைய பதிப்புகளிலும் திரும்பவில்லை. செட்டிங் எதையும் தேடி நேரத்தை விட வேண்டாம்.

இதை ஒரு கட்டுப்பாடாக நினைக்காமல் விதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தரவு இருக்கும் இடம் அக்சஸ் மட்டும். எக்செல் அங்கிருந்து வாங்கிப் பார்க்கும், கூட்டும், பிவட் (தொகுப்பு அட்டவணை) போடும், திருப்பி எழுதாது. வெளியிலிருந்து வரும் ஷீட் ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து, சரிபார்த்த பிறகே உண்மையான டேபிளில் சேர வேண்டும். ஒரே விலை இரண்டு இடத்திலும் திருத்தக்கூடியதாக இருந்தால், எது சரியான விலை என்று மூன்று மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

அதற்கு முன் செய்ய வேண்டியது, ஃபைலை இரண்டாகப் பிரிப்பது. ஆறு பேர் ஒரே அக்சஸ் ஃபைலை நேரடியாகத் திறக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய பயம். எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டு, ஃபைலை ஒரு நகல் எடுத்துவிட்டு, டேட்டாபேஸ் டூல்ஸ் தாவலில் மூவ் டேட்டா பகுதியில் உள்ள அக்சஸ் டேட்டாபேஸ் பொத்தானை அழுத்துங்கள். டேபிள்கள் மட்டும் பின்பகுதி என்ற தனி ஃபைலாகப் போகும் (பெயர் முடிவில் 'பிஇ' என்று சேர்க்கும்). அது நெட்வொர்க் ஃபோல்டரில் இருக்கட்டும். ஃபார்ம், குவெரி (டேபிளில் உள்ள தரவை எடுக்க, மாற்ற எழுதும் கட்டளை), ரிப்போர்ட் உள்ள முன்பகுதி ஃபைலை ஆறு கணினிகளிலும் அவரவர் டிஸ்கில் ஒவ்வொரு நகலாக வையுங்கள்.

பிரிக்கும்போது பின்பகுதியின் இடத்தை இசட் டிரைவ், எக்ஸ் டிரைவ் என்று காட்டாதீர்கள். இரட்டை பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையாகக் காட்டுங்கள். டிரைவ் எழுத்து ஒரு கணினியில் மாறியிருந்தாலும் அங்கே எல்லா லிங்கும் அறுந்துவிடும்.

இன்னொன்று. அந்த ஃபோல்டரில் ஆறு பேருக்கும் படிக்க, எழுத உரிமை இருந்தால் போதாது, ஃபைலை உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். அக்சஸ் திறக்கும்போது பக்கத்தில் ஒரு லாக் ஃபைலை உருவாக்கும், கடைசி ஆள் மூடும்போது அழிக்கும். அதை உருவாக்க முடியாதவர் திறந்தால் மற்றவர்களுக்குக் கதவு அடைபடும். உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பின்பகுதி ஃபைலை ஒன்டிரைவ் மாதிரி ஒத்திசையும் ஃபோல்டரில் வைக்கக் கூடாது. வைஃபையில் இருக்கும் மடிக்கணினியிலிருந்தும் திறக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு ஒரு நொடி விட்டாலும் ஃபைல் கெட்டுப்போகலாம்.

---

எட்டாம்வரிசை:

முதல் கேள்விக்கு வருகிறேன். பூஜ்யம் போவதும் 417ஏ காலியாவதும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேறு இடத்தில் நடக்கும் தப்பு.

00417 பெரும்பாலும் அக்சஸுக்கு வரும் முன்பே போயிருக்கும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்து எக்செல்லில் திறந்தாலே போதும், கோடை எண் என்று எடுத்துக்கொண்டு முன்பூஜ்யத்தைக் களைந்துவிடும். அப்படியே சேவ் கொடுத்தால் மூல ஃபைலும் போச்சு. எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நோட்பேடில் திறவுங்கள். நீளமான எண்களுக்கு இன்னும் மோசம்: எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண் என்றால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், அது திரும்ப வராது.

417ஏ காலியானது டிரைவரின் வேலை. எக்செல் ஷீட்டைப் படிக்கும் டிரைவர், ஒரு நெடுவரிசையில் இருப்பது எண்ணா எழுத்தா என்பதை முதல் 8 வரிசைகளைப் பார்த்து ஊகிக்கும். முதல் எட்டும் எண் என்றால் அந்த நெடுவரிசை முழுவதும் எண் என்று முடிவு கட்டும். ஒன்பதாவது வரிசையில் 417ஏ வந்தால் அதற்கு இடமில்லை, எனவே காலி. லிங்க் செய்த டேபிளாக இருந்தால் அந்தக் கட்டத்தில் 'நம்' (#Num!) என்ற எண் பிழை தெரியும். இம்போர்ட் செய்திருந்தால் டேபிள் பெயரோடு 'இம்போர்ட் எரர்ஸ்' என்று தனி டேபிள் ஒன்று உருவாகியிருக்கும், எந்த வரிசை, எந்த ஃபீல்டு என்று அதில் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் அழித்துவிடுபவர்களே அதிகம்.

எக்செல்லில் நெடுவரிசையைத் தேர்ந்து ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினேன், அப்படியும் சரியாகவில்லை என்பீர்கள். ஆகாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் எண், ஃபார்மட்டை மாற்றியதால் எழுத்தாகிவிடாது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்து டேட்டா தாவலில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், டிலிமிடெட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், மூன்றாவது திரையில் டெக்ஸ்ட், பிறகு ஃபினிஷ். இப்போது எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதுதான் எழுத்தாக மாறிய அடையாளம். போன பூஜ்யம் இதனால் வராது. எல்லாக் கோடும் ஐந்து இலக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், பக்கத்து நெடுவரிசையில் டெக்ஸ்ட் ஃபார்முலா போட்டு, வடிவமாக ஐந்து பூஜ்யம் கொடுத்துத் திரும்ப வரவழைக்கலாம்.

நிரந்தரமான வழி இது. விலைப்பட்டியலை ஒவ்வொரு மாதமும் சிஎஸ்வியாக்கி உள்ளே எடுங்கள். அக்சஸில் எக்ஸ்டர்னல் டேட்டா, டெக்ஸ்ட் ஃபைல் என்று போய் விசார்டில் கீழே இருக்கும் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வகையைக் கையால் சொல்லலாம். கோடு, தொலைபேசி எண், பின்கோடு எல்லாம் டெக்ஸ்ட். கூட்டவோ கழிக்கவோ போகாத எதுவும் எண் அல்ல. அதே திரையில் சேவ் ஆஸ் கொடுத்தால் இந்த அமைப்பு ஒரு பெயரில் பதிந்துவிடும், அடுத்த மாதம் ஊகமே கிடையாது. கவனிக்க: பதிந்த அமைப்பு அந்த முன்பகுதி ஃபைலுக்குள்தான் இருக்கும். ஆறு நகல்களில் எந்த நகலில் செய்தீர்களோ அதில் மட்டும். மூல நகலில் செய்துவிட்டு மற்றவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

சிஎஸ்வியாக்கும்போது ஒரு பொறி. எக்செல் சிஎஸ்வியில் எழுதுவது கட்டத்தில் தெரிவதைத்தான், உள்ளே இருப்பதை அல்ல. விலை 12.3456, ஃபார்மட் இரண்டு தசமம் என்றால் ஃபைலில் போவது 12.35. ஜெனரல் ஃபார்மட்டில் இருக்கும் 12 இலக்க எண் 'இ' போட்ட அறிவியல் வடிவில் போய்விடும். சேமிக்கும் முன் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதில்தான் வந்து நிற்பீர்கள். கணினியின் ரீஜன் அமைப்பு மாதம் முதலில் என்று இருந்தால், 03/04/2024 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024-க்கு 25-ஆவது மாதம் கிடையாதே, அதனால் அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தேதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அபாயம் இடப்பக்கம் நிற்பவற்றில் இல்லை, வலப்பக்கம் அமைதியாக மாறிப்போனவற்றில்தான். வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் ஃபைலை வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

---

பூட்டுதிறப்பவர்:

ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் சுருக்கமா.

ரெண்டு: எக்செல்ல டேட்டா, குவெரீஸ் அண்ட் கனெக்ஷன்ஸ் போய் கனெக்ஷன்ஸ் தாவல்ல உங்க இணைப்போட பிராப்பர்டீஸ், அதுல டெஃபனிஷன் திறங்க. கனெக்ஷன் ஸ்ட்ரிங்னு ஒரு நீள வரி இருக்கும். அதுல மோட் = ஷேர் டினை ரைட் அப்படின்னு ஒரு துண்டு இருக்கா பாருங்க. பழைய முறையில அக்சஸ் இணைப்பு போட்டா எக்செல் தானா போடற துண்டு அது. அர்த்தம்: நான் திறந்திருக்கிற வரைக்கும் வேற யாரும் எழுதக் கூடாது. அதை மோட் = ரீட்னு மாத்திட்டு ஓகே கொடுங்க. பத்துல ஒன்பது இடத்துல பூட்டு இங்கதான். ஆறு பேர்ட்ட இருக்கிற எல்லா அறிக்கை ஃபைல்லயும் மாத்தணும், ஒண்ணை விட்டாலும் அது போதும் எல்லாரையும் நிறுத்த.

இன்னும் நல்லது, புதுசா பவர் குவெரி வழியா போட்டுடுங்க. டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் டேட்டாபேஸ், ஃப்ரம் அக்சஸ் டேட்டாபேஸ். 2016-லேர்ந்து உள்ளேயே இருக்கு. பின்பகுதி ஃபைலைக் காட்டி டேபிளைத் தேர்ந்தா லோட் பக்கத்துல லோட் டு இருக்கும், பிவட் வேணும்னா நேரா அங்கேயே எடுத்துக்கலாம், ஷீட்ல ஆயிரக்கணக்கான வரிசையைக் கொட்ட வேண்டாம். சிஎஸ்வியை இதுல எடுத்தா சேஞ்ச்டு டைப்னு ஒரு படி அதுவா சேர்ந்துக்கும். அதுவும் ஊகம்தான், இங்க முதல் 200 வரிசையைப் பார்த்து. அந்தப் படியை அழிச்சுட்டு வகையை நீங்களே சொல்லுங்க.

மூணு: அந்தக் கணினில ஆபீஸ் 32 பிட்டா 64 பிட்டான்னு பாருங்க. எக்செல்ல ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல், முதல் வரியிலேயே இருக்கும். விண்டோஸ் 64 பிட்டா இருந்தா மட்டும் போதாது, கணக்குல வர்றது ஆபீஸோட பிட். ஓடிபிசி மேலாளர் விண்டோஸ்ல ரெண்டு இருக்கு, பெயர் தலைகீழ். சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருக்கிறது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டர்ல இருக்கிறது 32 பிட். ஆபீஸுக்குப் பொருந்தற மேலாளர்ல இணைப்பை உருவாக்குங்க, செய்தி போயிடும். ஆறு கணினிலயும் ஒரே பிட் ஆபீஸா மாத்திட்டா இந்தப் பேச்சே திரும்ப வராது.

---

கணக்குப்பலகை:

மூவருக்கும் நன்றி. மூன்றாவது சரி: அந்தக் கணினியில் மட்டும் 32 பிட் ஆபீஸ். டினை ரைட் நான்கு ஃபைல்களில் இருந்தது, மாற்றியதும் பூட்டு போய்விட்டது. ஃபைலையும் பிரித்தாயிற்று.

புதிதாக இரண்டு. அக்சஸில் ஒழுங்காக ஓடும் 'நிலுவை' என்ற குவெரியை எக்செல்லிலிருந்து எடுத்தால், எக்ஸ்பிரஷனில் வரையறுக்கப்படாத ஃபங்ஷன் என்று பிழை வருகிறது. அடுத்து, வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருக்கும் இடமெல்லாம் சிஎஸ்வியில் கேள்விக்குறிகள்.

---

முதன்மைச்சாவி:

அந்தக் குவெரிக்குள் 'என்இசட்' ஃபங்ஷன் இருக்கிறதா பாருங்கள். காலி மதிப்பைப் பூஜ்யமாக்க அக்சஸில் எல்லாரும் கைப்பழக்கமாகப் போடுவது. அது டேட்டாபேஸ் எஞ்சினுக்கு (டேபிள்களைப் படித்து எழுதும் உள்பகுதிக்கு) சொந்தமானதல்ல, அக்சஸ் என்ற மென்பொருளுக்குச் சொந்தமானது. எக்செல் எஞ்சினோடு மட்டும் பேசுகிறது, அக்சஸைத் திறப்பதில்லை, எனவே அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் 'ஐஐஎஃப்', 'இஸ்நல்' இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: தொகை காலி என்றால் 0, இல்லையென்றால் தொகை. இவை எஞ்சினுக்குத் தெரியும். மாட்யூலில் நீங்களே எழுதிய ஃபங்ஷன் இருந்தாலும் இதே பிழைதான் வரும்.

குவெரி ஒரு ஃபார்மின் பெட்டியிலிருந்து தேதியை எடுப்பதாக இருந்தால் செய்தி வேறாக வரும், ஏதோ அளவுருவுக்கு மதிப்பு தரவில்லை என்று. அந்த நிபந்தனையைக் குவெரியிலிருந்து எடுத்துவிட்டு, எக்செல் பக்கம் வடிகட்டுங்கள். இதோடு சேர்த்து ஒன்று: எக்செல் இணைப்பில் நீங்களே எஸ்கியூஎல் (குவெரி எழுதும் மொழி) எழுதினால், லைக் நிபந்தனையில் நட்சத்திரக்குறி வேலை செய்யாது, சதவீதக்குறி போட வேண்டும். பிழையும் காட்டாது, வரிசையே இல்லாமல் திரும்பும்.

தமிழுக்கு: சேவ் ஆஸ் பட்டியலில் சிஎஸ்வி இரண்டு மூன்று இருக்கும். சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் காற்புள்ளி சிஎஸ்வி பழைய எழுத்துமுறையில் எழுதும், அதில் தமிழுக்கு இடமில்லை என்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறியான பிறகு மீட்க வழியில்லை, மூல ஷீட்டிலிருந்தே மறுபடி எடுக்க வேண்டும். அக்சஸ் பக்கம் அதே அட்வான்ஸ்டு திரையில் கோடு பேஜ் என்ற இடத்தில் யூனிகோடு யூடிஎஃப்-8 வையுங்கள், எண் 65001. இதையும் அந்தப் பதிந்த அமைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். பெயர் கேள்விக்குறியாக இல்லாமல் கிறுக்கலாக வந்தால் ஃபைல் சரி, படிக்கும் பக்கத்தில்தான் அமைப்பு தப்பு என்று பொருள்.

---

கட்டற்றவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இத்தனை பூட்டுத் தொல்லை எதற்கு? லிப்ரெஆபீஸில் கேல்க் (எக்செல் மாதிரி), பேஸ் (அக்சஸ் மாதிரி) இரண்டும் இலவசம். கேல்க்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்4 அழுத்தினால் டேட்டா சோர்ஸ் பலகம் மேலே திறக்கும், டேபிளைப் பிடித்து கட்டத்தில் இழுத்துவிட்டால் வந்துவிடும். புதுப்பிக்க டேட்டா மெனுவில் ரிஃப்ரெஷ் ரேஞ்ச்.

---

பூட்டுதிறப்பவர்:

இழுத்துப் போடறது அழகா இருக்கும், மறுக்கல. ஆனா பேஸ்ல அப்படியே புதுசா உருவாக்கினா டேட்டா அந்த ஒரே ஃபைலுக்குள்ள உட்கார்ந்துக்கும், ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான். ஆறு பேருக்குன்னா பின்னாடி மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு சர்வர் வேணும், பேஸ் அதுக்கு முகம் மட்டும். அப்படி சர்வர் போடறதா இருந்தா அக்சஸ் முன்பகுதியையே அதோட கோத்துக்கலாம். மென்பொருளை மாத்தறதால பூட்டு போகாது, சர்வர் வெச்சா போகும்.

எப்போ போகணும்னா, அக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. காம்பாக்ட் பண்ணி வெத்து இடத்தைக் கழிச்ச பிறகும் 1 ஜிபியைத் தாண்டினா யோசிக்க ஆரம்பிக்கலாம். ஒரே நேரத்துல 255 பேர்ங்கறது காகிதத்துல இருக்கிற எண், அதை நம்பாதீங்க. ஆறு பேர், மாசம் ஒரு விலைப்பட்டியல்: அக்சஸே தாங்கும்.

---

கணக்குப்பலகை:

குவெரி ஓடுகிறது, தமிழும் வருகிறது. கடைசியாக ஒன்று. புதிய விலைப்பட்டியலை அப்பெண்ட் (புது வரிசைகளைச் சேர்க்கும்) குவெரியால் சேர்த்தபோது கீ வயலேஷன் காரணமாக 212 ரெக்கார்டு சேரவில்லை என்றது. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் கோடுகள், அது புரிகிறது. ஆனால் சேர்ந்தவற்றில் சில கோடுகள் இப்போது இரண்டு முறை இருக்கின்றன. முதன்மைச் சாவி (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாத ஃபீல்டு) கோடுதான். எப்படி இரண்டு முறை வரும்?

---

எட்டாம்வரிசை:

இரண்டும் ஒன்றல்ல, கண்ணுக்குத்தான் ஒன்று. ஒன்றில் கோடுக்குப் பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கும். லென் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள், 00417-க்கு ஒன்றில் 5, மற்றதில் 6 வரும். சாதாரண இடைவெளி என்றால் டிரிம் போதும். டிரிம் போட்டும் 6 என்றே நின்றால் அது இணையப் பக்கத்திலிருந்து ஒட்டி வந்த உடையாத இடைவெளி, எழுத்து எண் 160. டிரிம் அதைத் தொடாது. எக்செல்லில் சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் யூனிகேர் 160-ஐ வெற்றாக மாற்றி, அதன் மேல் டிரிம் போடுங்கள்.

அதனால்தான் முதலில் வாசல் என்று சொன்னார்கள். எல்லா ஃபீல்டும் டெக்ஸ்ட் வகையாக ஒரு தற்காலிக டேபிள் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வரிசை இப்படி: தற்காலிக டேபிளைக் காலி செய்யும் டிலீட் குவெரி, பதிந்த அமைப்பில் சிஎஸ்வி இம்போர்ட், கோடைச் சுத்தம் செய்யும் அப்டேட் குவெரி. பிறகு இரண்டு டேபிளையும் கோடால் இணைத்து இருக்கும் கோடுகளின் விலையை மாற்றும் ஒரு அப்டேட், உண்மை டேபிளில் இல்லாத கோடுகளை மட்டும் சேர்க்கும் ஒரு அப்பெண்ட். இல்லாதவற்றைப் பிடிக்க குவெரி விசார்டிலேயே 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' இருக்கிறது. இப்படி ஓட்டினால் கீ வயலேஷன் எண்ணிக்கை 0 வர வேண்டும். 0 இல்லையென்றால் சரி என்று அழுத்தாமல் நோ கொடுத்துவிட்டு, தற்காலிக டேபிளில் ஒரே கோடு இரண்டு முறை வந்திருக்கிறதா பாருங்கள், 'ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்' விசார்டும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது உள்ளே நுழைந்துவிட்ட இரட்டைக் கோடுகளை அழிக்கும் முன், ரசீது டேபிளில் எந்தக் கோடு பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆறு எழுத்துள்ள கோடில் ரசீது போட்டிருந்தால், முதலில் அந்த ரசீது வரிகளை ஐந்து எழுத்துக் கோடுக்கு மாற்றிவிட்டு, பிறகுதான் அழிக்க வேண்டும்.